பெட்டிக்கு முதல் நம்பர்

தெருவில் அவளுக்குப் பெயர் டிகிரி. அப்பா லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். அம்மாவுக்கு ஒரு நர்சிங் ஹோமில் படுக்கை விரிப்புகளைத் துவைத்து மடிக்கும் வேலை. இருவர் பக்கத்திலும் கல்லூரி வாசலை மிதித்தவர் என்று அவளுக்கு முன்னால் ஒருவரும் இல்லை. ஆகவே அவள் வாங்கிய பட்டம் வாங்கிய அன்றைக்கே குடும்பத்தின் பொதுச் சொத்தாகிவிட்டது. மாமா வீட்டில் ரிமோட் வேலை செய்யவில்லையா, டிகிரியைக் கூப்பிடு. அத்தையின் போனில் படம் தெரிகிறது, சத்தம் வரவில்லையா, டிகிரியைக் கூப்பிடு. அவள் போய்ப் பேட்டரியைத் திருப்பிப் போட்டால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். ஒருமுறை எதிர்வீட்டு மிக்ஸியைப் பார்த்து, இது எனக்குத் தெரியாது என்று சொன்னபோதுதான் ஆச்சரியப்பட்டார்கள். அப்படியானால் அத்தனை வருஷம் என்னதான் படித்தாள் என்று அந்த வீட்டு அக்கா வாய்விட்டே கேட்டாள்.

அந்தக் கேள்வி அவளுக்கும் அவ்வப்போது வரும். வரும்போதெல்லாம், வேலை நிரந்தரம் ஆகட்டும், பிறகு யோசித்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைப்பாள்.

வேலை, கிடங்குகளை வாடகைக்கு விடும் ஒரு கம்பெனியின் கிளை அலுவலகத்தில். பதவி, தற்காலிகக் கம்ப்யூட்டர் உதவியாளர். ஓராண்டு ஒரு நாள்கூட விடுபடாமல் வேலை பார்த்தால் மேனேஜர் கையெழுத்துப் போட, நிரந்தரம் ஆகும். நடுவில் ஒரு நாள் விடுபட்டால் போச்சு, எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து. காய்ச்சலோடும் போனாள், கணுக்கால் சுளுக்கோடும் போனாள். அண்ணன் கல்யாணத்தன்று காலையில் மண்டபத்திலிருந்து ஓடிப்போய், வாசல் வருகைக் கருவியில் பெருவிரலை வைத்துவிட்டு, மதிய சாப்பாட்டு இடைவேளையில் திரும்பி வந்து போட்டோவில் நின்று, மறுபடி ஓடினாள். மாலையில் வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா கேட்பது ஒரே கேள்விதான்.

"என்னடி, பர்மனென்ட் ஆச்சா?"

"இன்னும் இல்லம்மா."

"கேட்டியா?"

"கேக்குற விஷயம் இல்லம்மா அது."

கேட்காமல் எது கிடைக்கும் என்பது அம்மாவுக்குப் புரியவே இல்லை. ஆனாலும் ஆண்டு முடியப் போகிறது, கோப்பு மேனேஜர் மேசைக்கே போய்விட்டது என்று தெரிந்ததிலிருந்து அவள் கேள்வியில் கொஞ்சம் மரியாதை கூடியிருந்தது.

அந்த அலுவலகத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அங்கே யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். எல்லோருக்கும் நம்பர்.

இது கம்ப்யூட்டர் வந்த காலத்தில் ஆரம்பித்தது. நெட்வொர்க் போட வந்த ஆள், ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு முகவரி வேண்டும், முகவரி எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், கடைசி எண் மட்டும் மாறும், இரண்டு பேருக்கு ஒரே எண் வந்துவிடக் கூடாது என்று விளக்கினான். ஹெட் கிளார்க்குக்கு அதில் பாதி புரியவில்லை. ஆனால் வரிசையாக எண் கொடுக்க வேண்டும் என்ற இடம் வந்ததும் மனுஷர் நிமிர்ந்து உட்கார்ந்தார். வரிசை என்றால் சீனியாரிட்டி. அது அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. சட்டைக் கையை மடித்துக்கொண்டு மேசை மேசையாகப் போய் எண்களைத் தன் கையாலேயே தட்டினார்.

மேனேஜர் தன் அறையில் காத்திருந்தார். தனக்கு வந்தது இரண்டு என்று தெரிந்ததும், அப்படியானால் ஒன்று யார் என்று கேட்டார். பீரோ மேல் உட்கார்ந்திருந்த ரௌட்டர் பெட்டியைக் காட்டினார்கள். எல்லாக் கம்ப்யூட்டரும் இன்டர்நெட்டுக்காக வெளியே போவதும் வருவதும் அதன் வழியாகத்தான், அதனால் ஒன்றாம் எண்ணை அதற்குக் கொடுப்பது வழக்கம் என்று வந்த ஆள் சொன்னான். மேனேஜர் சரி என்று தலையாட்டினார். ஆனால் அன்றிலிருந்து, முன்வரிசை நாற்காலியை முந்திக்கொண்டு பிடித்துவிட்ட பங்காளியைப் பார்ப்பதுபோலத்தான் அந்தப் பெட்டியைப் பார்ப்பார்.

போகப் போக நம்பரே ஆளாகிவிட்டது. மேசைக்கு மேசை பிளாஸ்டிக் பலகை வந்தது. ஏழு லீவு, பதினாலு டீ குடிக்கப் போயிருக்கு, இருபத்திரண்டுக்கும் இருபத்தஞ்சுக்கும் பேச்சு வார்த்தை இல்லை. ஒருவர் விசிட்டிங் கார்டிலேயே அச்சடித்துக்கொண்டார். யாராவது ஓய்வு பெற்றால் அவருக்குக் கீழே உள்ளவர்கள் ஆளுக்கு ஒரு படி மேலே ஏறுவார்கள். பலகை கழற்றி மாட்டுவதற்கும் எண்ணை மாற்றித் தட்டுவதற்குமாக ஹெட் கிளார்க்குக்கு ஒரு நாள் முழுக்கப் போய்விடும். அன்றைக்கு இரண்டு கம்ப்யூட்டர்களுக்கு ஒரே எண் விழுந்து, இரண்டும் மல்லுக்கட்டிக்கொண்டு நிற்கும். வேலை நடக்காது. அதில் யாருக்கும் வருத்தமும் கிடையாது.

பிரிண்டர் ஒன்றுதான், மொத்த அலுவலகத்துக்கும். எந்தக் காகிதம் யாருடையது என்று தெரிவதற்காக, முதல் பக்கத்தில் அனுப்பிய கம்ப்யூட்டரின் எண் பெரிதாக விழும்படி செய்திருந்தார்கள். அட்டெண்டர் அந்த எண்ணைப் பார்த்து, அந்தப் பலகை உள்ள மேசையில் கொண்டுபோய்ப் போடுவார். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க மாட்டார். பார்க்கக் கூடாது என்பதில் எல்லோரும் அவரைவிடக் கவனமாக இருந்தார்கள்.

டிகிரிக்கு முப்பத்தொன்று. ஆள்களில் அதுதான் கடைசி. தற்காலிகம் என்பதால் பலகை கிடையாது. அட்டையில் எழுதிச் செலோடேப் போட்டு ஒட்டியிருந்தது. இந்த நம்பர் பைத்தியத்தை நினைத்து அவள் மனதுக்குள் சிரித்துக்கொள்வாள். ஏணியில் மேலே ஏற ஒரு பெட்டிக்கும் ஒரு மனுஷனுக்கும் நடுவில் போட்டி என்று அப்பாவிடம் சொன்னாள்.

அப்பா கேட்டார். "ஒண்ணாம் நம்பர்னா சம்பளம் கூடவா?"

"இல்லப்பா."

"உக்கார நல்ல நாற்காலி குடுப்பாங்களா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல."

"அப்புறம் எதுக்கு?"

பட்டறையில் எல்லோருக்கும் ஒரே கரிதான் என்று சொல்லிவிட்டு அவர் கை கழுவப் போனார்.

இப்படி இருக்கும்போதுதான் தலைமை அலுவலகத்திலிருந்து, பழைய ரௌட்டருக்குப் பதிலாக ஒரு புதுப் பெட்டியும் ஓர் உத்தரவும் வந்தன. கிளைகளில் எண்கள் அடிக்கடி மோதிக்கொள்வதால் வேலை தடைப்படுகிறது. ஆகவே இனி யாரும் கையால் எண் கொடுக்கக் கூடாது. பெட்டியே தானாகக் கொடுக்கும்படி அமைக்க வேண்டும். கம்ப்யூட்டர் உதவியாளர் இதைச் செய்து முடிப்பார்.

டிகிரி அந்த உத்தரவைத் திரும்பத் திரும்பப் படித்தாள். சேர்ந்த நாளிலிருந்து அவள் பார்த்த வேலையெல்லாம் பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை உருவுவதும், பாஸ்வேர்டை மறந்தவர்களுக்கு அவர்கள் பிறந்த தேதியை ஞாபகப்படுத்துவதும்தான். கல்லூரியில் படித்தது ஒன்று முதல்முறையாக வேலைக்கு வருகிறது. பெட்டியே எண் கொடுக்கும் இந்த ஏற்பாடு டி.எச்.சி.பி. என்று பாடத்தில் வரும். பரீட்சையில் எழுதி நல்ல மார்க்கும் வாங்கியிருந்தாள்.

சனிக்கிழமை, அலுவலகம் காலியான பிறகு உட்கார்ந்தாள். பெட்டியின் அமைப்புப் பக்கத்தைத் தன் கம்ப்யூட்டரில் திறந்து, பெட்டிக்கு ஒன்று, தானாகக் கொடுக்க வேண்டியது இரண்டிலிருந்து நூறு வரை என்று போட்டாள். பிரிண்டரும், வாசலில் பெருவிரல் வைக்கும் கருவியும் எண் மாறி அலையக் கூடாது என்பதால், அவற்றுக்குக் கையால் போட்டிருந்த பெரிய எண்களை அப்படியே விட்டுவைத்தாள். மற்ற கம்ப்யூட்டர்களில் கையால் போட்ட எண்ணை அழித்து, பெட்டியிடம் கேட்டு வாங்கிக்கொள்ளும்படி மாற்றினாள். ஒரு எண் எவ்வளவு நேரத்துக்குச் செல்லும் என்று பெட்டி கேட்டது. ஒரு நாள் என்று தட்டினாள். பாதிப் பொழுது கழிந்ததும் கம்ப்யூட்டரே பெட்டியிடம் போய், எண்ணை இன்னும் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்கும். பெட்டி சரி என்று சொல்லும். அவள் வேலையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இப்படித்தான் நீள்கிறது. ஆனால் கம்ப்யூட்டர் 'மிகவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று எழுத வேண்டியதில்லை.

ஹெட் கிளார்க் வீட்டுக்குப் போகாமல் அவள் முதுகுக்குப் பின்னாலேயே நின்றிருந்தார்.

"ஏம்மா, யாரு சீனியர்னு இந்தப் பெட்டிக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது சார். யாரு மொதல்ல கேக்குறாங்களோ அவங்களுக்குக் குடுக்கும்."

"கேட்டாப் போதுமா?"

"கம்ப்யூட்டர ஆன் பண்ணாப் போதும் சார். அதுவே கேட்டுக்கும்."

கேட்டாலே கிடைக்கும் ஓர் அலுவலகத்தை அவர் தன் வாழ்நாளில் கேள்விப்பட்டதில்லை. நெற்றியைத் தடவிக்கொண்டே போனார்.

திங்கட்கிழமை காலை வாட்ச்மேன் கேட்டைத் திறக்க வந்தபோது ஹெட் கிளார்க் கையில் டிபன் பாக்ஸோடு வெளியே நின்றுகொண்டிருந்தார். அவருக்கு இரண்டு கிடைத்தது. அதற்குப் பிறகு பஸ் வந்த வரிசையில் மற்றவர்களுக்கு. மேனேஜர் வழக்கம்போல வெயில் ஏறிய பிறகு வந்தார், அவருக்கு இருபத்தேழு. அவர் எண்ணைப் பார்க்கவில்லை. வழக்கமாகப் பார்க்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. அது கதவிலேயே மாட்டியிருந்தது.

ஹெட் கிளார்க் இரண்டாம் நம்பராக ஒரு காலைப் பொழுது வாழ்ந்தார். அந்த உற்சாகத்தில், பல நாளாகத் தட்டி வைத்திருந்த ஒரு கடிதத்தைப் பிரிண்ட் கொடுத்தார். முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் இரண்டு என்று விழுந்தது. அட்டெண்டர் அதை எடுத்துக்கொண்டு போய், என்றும்போல இரண்டு என்று பலகை மாட்டிய அறையில், மேனேஜர் மேசையில் வைத்தார். அது தலைமை அலுவலகத்துக்கு எழுதிய விண்ணப்பம். மேனேஜர் பதவிக்கு. 'தற்போது பெயரளவில் வேறொருவர் இருந்தாலும், இக்கிளையை நடத்தி வருவது அடியேனே' என்று ஆரம்பித்திருந்தது.

அதே நேரத்தில் மேனேஜர் தன் அறையிலிருந்து ஒன்றைப் பிரிண்ட் கொடுத்தார். அது இருபத்தேழாம் மேசைக்குப் போனது. அங்கே இருந்தவர் சரக்குப் பிரிவுக்குப் புதிதாக வந்த குமாஸ்தா. சுற்றறிக்கை என்று நினைத்து, எல்லோரும் கேட்கும்படி உரக்கப் படித்தார். 'கிடங்குகளின் கதிரவனே, பூட்டுகளின் புன்னகையே' என்று போனது. டைரக்டர் பிறந்தநாளுக்கு மேனேஜர் எழுதிய கவிதை அது என்று கடைசி வரியில்தான் தெரிந்தது. குமாஸ்தா அதற்குப் பிறகு அன்று முழுக்க வாயைத் திறக்கவில்லை.

மதியத்துக்குள் யாரும் தங்கள் மேசையில் இல்லை. கேஷியரின் 'மாடிப் போர்ஷன் வாடகைக்கு' விளம்பரம் ஒன்பதாம் மேசையில் கிடந்தது; ஒன்பதாம் மேசைக்காரர் வேறு கம்பெனிக்கு எழுதிய வேலை விண்ணப்பம் கேஷியர் கையில் இருந்தது. டைப்பிஸ்ட் அக்கா தன் மகளின் 'நான் விரும்பும் விலங்கு' கட்டுரையைத் தேடி மேசை மேசையாக அலைந்தாள். இத்தனை வருஷமாக அந்தப் பிரிண்டரில் கம்பெனி வேலை என்று ஏதாவது அச்சாகியிருக்கிறதா என்று டிகிரிக்கே சந்தேகம் வந்துவிட்டது.

மேனேஜர் அறையிலிருந்து அழைப்பு வந்தது. உள்ளே போனாள். அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. மேசையில் ஒரு பக்கம் ஹெட் கிளார்க்கின் விண்ணப்பம். இன்னொரு பக்கம், கண்ணாடி பேப்பர் வெயிட்டுக்கு அடியில், அவளுடைய நிரந்தரக் கோப்பு. அவர் பேப்பர் வெயிட்டை உருட்டிக்கொண்டே பேசினார்.

"இந்த ஆட்டோமேட்டிக்க நிறுத்தும்மா."

"ஹெட் ஆபீஸ் உத்தரவு சார். நிறுத்தக் கூடாது."

"அப்ப இது ஓடணும். ஆனா பழைய நம்பர் வரணும்."

முடியும் என்று அவள் சொன்னாள். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் பிறவியிலேயே ஓர் அடையாள எண் உண்டு. இந்த அடையாளத்தோடு வந்து கேட்பவருக்கு இந்த எண்ணைத்தான் கொடு என்று பெட்டிக்கு முன்கூட்டியே சொல்லிவைக்கலாம். மேனேஜர் பேப்பர் வெயிட்டை உருட்டுவதை நிறுத்தினார்.

"அதாவது அவங்க கேப்பாங்க. பெட்டி அதுவா குடுக்கற மாதிரி குடுக்கும். ஆனா நாம முடிவு பண்ணதத்தான் குடுக்கும்."

"ஆமா சார்."

"இதத்தாம்மா நான் இத்தன வருஷமா நிர்வாகம்னு சொல்லிட்டு இருக்கேன்."

அடுத்த இரண்டு நாளும் டிகிரி மேசைகளுக்கு அடியில்தான் இருந்தாள். கம்ப்யூட்டர்களின் முதுகில் ஒட்டியிருந்த தூசி படிந்த சீட்டுகளைத் துடைத்து, அடையாளங்களைப் படித்து, எதிரே பழைய நம்பரைப் போட்டு, பெட்டிக்குள் ஏற்றினாள். தானாக நடக்க வேண்டிய ஒன்றை அவளே ஆள் ஆளாகக் கையால் நடத்திக்கொண்டிருந்தாள். இதற்காகவா அப்பா கல்லூரி வாசலில் லுங்கியை மாற்றிப் பேன்ட் போட்டுக்கொண்டு வந்து நின்றார் என்று ஒரு மேசைக்கு அடியில் தோன்றியது. அடுத்த மேசைக்கு அடியில், கோப்பு பேப்பர் வெயிட்டுக்கு அடியில் இருப்பதும் ஞாபகத்துக்கு வந்தது.

டைப்பிஸ்ட் அக்கா குனிந்து பார்த்தாள். "எனக்கு கன்ஃபர்ம் ஆயிடுச்சா, இன்னும் வெயிட்டிங் லிஸ்டா?"

"கன்ஃபர்ம் அக்கா. பதினெட்டு."

"ஜன்னலோரம் இருந்தாப் பாத்து போடு கண்ணு."

எல்லாம் முடியும் தறுவாயில் மேனேஜர் அவளை மறுபடி கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். அவள் வேலையை வெகுவாகப் பாராட்டினார். படித்தவர்கள் படித்தவர்கள்தான் என்றார். பேப்பர் வெயிட் இடமும் வலமும் உருண்டது.

"எல்லாத்தையும் புதுசா போடுறோம் இல்லம்மா. அந்த ஒண்ணு இருக்கே. அது பெட்டிக்குத்தான் இருக்கணும்னு சட்டமா?"

சட்டம் இல்லை. பழக்கம்தான். பெட்டிக்கு எந்த எண்ணும் இருக்கலாம் என்று அவள் பரீட்சையிலேயே எழுதியிருக்கிறாள். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். யோசித்துச் சொல்கிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் கேட்டு முடிப்பதற்குள் பதில் வாயிலிருந்து குதித்துவிட்டது.

"இருநூத்தி அம்பத்தி நாலுக்கு மாத்திடலாம் சார். கடைசிக்கு."

"கடைசிக்கா?" மேனேஜரின் முகம் மலர்ந்தது. "வேலைக்கு ஒண்ணும் பாதகம் இல்லையே?"

பாதகம் இல்லை. இங்கேதான் வேடிக்கை. எல்லோருக்கும் கையால் எண் போட்டிருந்த காலத்தில் பெட்டியின் இடத்தை மாற்றுவதென்றால் ஒவ்வொரு கம்ப்யூட்டராகப் போய் வெளியே போகும் வழியையும் மாற்றித் தட்டவேண்டும். இப்போது பெட்டியே எல்லோருக்கும் எண் கொடுக்கும்போது, வழி இனி இந்தப் பக்கம் என்றும் சேர்த்துச் சொல்லிவிடும். தலைமை அலுவலகம் கொண்டுவந்த வசதியால்தான் மேனேஜர் ஒன்றாம் நம்பர் ஆக முடிந்தது. அன்று மாலையே மாற்றினாள். மறுநாள் காலை எல்லோரையும் கம்ப்யூட்டரை ஒருமுறை அணைத்துப் போடச் சொன்னாள். மேனேஜர் கதவில் புதுப் பலகை ஏறியது. அலுவலகம் முழுக்கத் தன் செலவில் டீ வாங்கிக் கொடுத்தார். ஹெட் கிளார்க் தன் பழைய மூன்றிலேயே நிறுத்தப்பட்டார். இரண்டாம் எண்ணை யாருக்கும் கொடுக்கக் கூடாது, காலியாகவே இருக்கட்டும் என்பது மேனேஜரின் வாய்மொழி உத்தரவு. அந்த இடைவெளியைப் பார்க்கும்போதெல்லாம் ஹெட் கிளார்க்குக்கு விண்ணப்பம் ஞாபகம் வர வேண்டும்.

அடுத்த நாள் தலைமை அலுவலகத்திலிருந்து தகவல் வந்தது. முந்தைய நாள் அந்தக் கிளையில் ஒருவர்கூட வேலைக்கு வரவில்லையாம். காரணம் கேட்டிருந்தார்கள்.

டிகிரி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். வாசலுக்கு ஓடினாள். பெருவிரல் கருவி சுவரில் சாதுவாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு மட்டும் எண்ணும் வழியும் கையால் போட்டது. பெட்டியிடம் அது எதையும் கேட்பதில்லை. ஆகவே பெட்டியும் அதற்கு எதையும் சொல்லவில்லை. வழி மாறியது தெரியாமல், அது எல்லோருடைய பெருவிரலையும் வழக்கம்போல ஒன்றாம் எண்ணுக்கே அனுப்பிக்கொண்டிருந்தது. ஒன்றாம் எண் இப்போது மேனேஜரின் கம்ப்யூட்டர். அவரிடம் போய்ச் சேரும் பெரும்பாலான காகிதங்களைப் போலவே கிளையின் விரல்களும் அங்கிருந்து நகரவில்லை. அன்றன்றைய பதிவு அன்று மாலைக்குள் தலைமை அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். தாமதமாக வந்தால் வாங்கிக்கொள்ள மாட்டார்கள்.

மற்றவர்களுக்கு ஒரு நாள் லீவு கழியும். முணுமுணுத்துவிட்டு விட்டுவிடுவார்கள். அவளுக்கு ஒரு நாள் விடுபட்டது என்று ஆகும். காய்ச்சல், சுளுக்கு, அண்ணன் கல்யாணம், எல்லாம் போய், எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து.

கருவிக்குப் புது வழியைக் கையால் போட்டு, அன்றைய பதிவைக் காப்பாற்றினாள். ஆனால் போன நாள் போனதுதான். மேனேஜர் 'தொழில்நுட்பக் கோளாறு' என்று எழுதி அனுப்பினார். எந்தக் கோளாறு, யாரால், எப்படி என்று கம்ப்யூட்டர் உதவியாளர் விளக்கம் எழுதி, மேனேஜர் வழியாக அனுப்ப வேண்டும் என்று திரும்பி வந்தது. மேனேஜர் அவளைக் கூப்பிட்டு, உன் கவனக்குறைவு என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிடு, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். எதைப் பார்த்துக்கொள்வார் என்று சொல்லவில்லை.

அன்று மாலை வீட்டில் நடந்ததைச் சொன்னாள். அம்மா மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"பேசாம அந்தப் பெட்டி மேல எழுதிடு. அதுக்கென்ன, புருஷன் புள்ளைங்களா."

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது. சிரித்து முடித்ததும் மேனேஜர் கேட்ட அந்த ஒரு வரி நினைவுக்கு வந்தது. கவனக்குறைவு என்பது பொய் இல்லை; கருவியை அவள் மறந்துதான் போனாள். ஆனால் மறப்பதற்கு முன்னால் ஒன்று நடந்தது. அதையும் அவள்தான் செய்தாள், அதுவும் எவ்வளவு வேகமாக. யாரும் அவள் கையைப் பிடித்துத் தட்டச் சொல்லவில்லை. ஒரு பேப்பர் வெயிட் உருண்டது, அவ்வளவுதான்.

மறுநாள் விளக்கத்தைத் தட்டினாள். இரண்டே வாக்கியம். 'மேனேஜர் அவர்களின் கணினிக்கு ஒன்றாம் எண் வழங்கும்பொருட்டுப் பெட்டியின் எண் மாற்றப்பட்டது. அதை வாசல் கருவிக்கும் மாற்றிப் போட நான் மறந்துவிட்டேன்.' கையெழுத்துப் போட்டு, தானே கொண்டுபோய் மேனேஜர் மேசையில் வைத்தாள்.

அவர் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"ரெண்டாவது வாக்கியம் நல்லா இருக்கும்மா."

"சரி சார்."

"மொதல் வாக்கியம் வேணுமா?"

"அது இல்லன்னா பெட்டிய ஏன் மாத்துனோம்னு கேப்பாங்க சார்."

"'வழங்கும்பொருட்டு'ங்கற வார்த்தைய மட்டும்?"

"எடுத்தா வாக்கியம் நிக்காது சார்."

மேனேஜர் ஜன்னலைப் பார்த்தார். பெட்டியோடு போட்டி போட்டு ஒரு மேனேஜர் முதலிடம் வாங்கினார் என்று தலைமை அலுவலகம் முழுக்கக் கூடிக் கூடிச் சிரிப்பது அவர் கண்முன் வந்துபோயிருக்க வேண்டும். பிறந்தநாள் கவிதை ஏற்கெனவே அங்கே போய்ச் சேர்ந்துவிட்டதாக வேறு ஒரு பேச்சு இருந்தது.

"ஒண்ணு எனக்கே இருக்கட்டும், இல்லையா?" என்றார், மெதுவாக.

அவள் தலையாட்டினாள். வாசல் கருவிதான் புது வழியில் போக ஆரம்பித்துவிட்டது. இனி ஒன்றாம் எண்ணை யார் வைத்திருந்தாலும் யாருக்கும் நஷ்டம் இல்லை.

அவர் அவள் விளக்கத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். புதுத் தாளை எடுத்துத் தன் கையாலேயே எழுதினார். புதிய பெட்டி பொருத்தும் பணியின்போது வருகைப் பதிவு தடைப்பட்டது. அது தவிர்க்க முடியாதது. அன்று ஊழியர் அனைவரும் காலை சரியான நேரத்துக்கு வந்து சேர்ந்ததை வாசலில் நின்று நானே நேரில் கண்டேன். அந்த வாசலை அவர் அந்த நேரத்தில் பார்த்ததே இல்லை. தலைமை அலுவலகம் அதை ஏற்றுக்கொண்டது. அந்த வாரமே, உருட்டிக்கொண்டிருந்த பேப்பர் வெயிட்டைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, கோப்பில் கையெழுத்துப் போட்டார்.

அன்று அம்மா கேட்கும் முன்பே சொல்லிவிட்டாள். அம்மா மடித்த துணியை அலமாரியில் வைத்தாள். பிறகு, கேட்டதால்தானே கிடைத்தது என்றாள். இல்லை என்று டிகிரியால் அடித்துச் சொல்ல முடியவில்லை. அப்பா தெருமுனை வரை போய் நான்கு பேரிடம் சொல்லிவிட்டு வந்தார்.

நிரந்தர ஊழியருக்குப் பலகை உண்டு. ஹெட் கிளார்க்கே நேரில் வந்து கேட்டார். எண்கள் இப்போது அவள் கையில் இருப்பதால் அவர் பேச்சில் புதிதாக ஒரு பணிவு வந்திருந்தது. "உனக்கு என்ன நம்பர்னு நீயே பாத்துச் சொல்லும்மா. பலகைக்கு ஆர்டர் குடுக்கணும்."

"முப்பத்தொண்ணே இருக்கட்டும் சார்."

அவர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார். இப்படி ஒருத்தியை அவர் பார்த்ததில்லை. அவளுக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

எல்லோரும் கிளம்பிய பிறகு பெட்டியின் பக்கத்தைத் திறந்தாள். ஒன்றில் மேனேஜர், மூன்றில் ஹெட் கிளார்க், அங்கிருந்து கீழே வரிசையாக எல்லோரும். நடுவில் இரண்டு காலியாக இருந்தது. தன் கம்ப்யூட்டரின் அடையாளத்துக்கு எதிரே இருந்த முப்பத்தொன்றை அழித்தாள். சும்மா, எப்படித் தெரிகிறது என்று பார்க்க, இரண்டு என்று தட்டினாள். இதில் சம்பளம் கூடாது. நாற்காலி மாறாது. பலகையில் முப்பத்தொன்றுதான் இருக்கும். வெளியே யாருக்கும் தெரியாது. பிரிண்ட் எடுத்தால் தெரிந்துவிடும், ஆகவே இனி இந்த அலுவலகத்தில் அவள் ஒரு காகிதம்கூடப் பிரிண்ட் எடுக்க முடியாது.

அப்புறம் எதுக்கு என்று அப்பா கேட்ட குரல் அப்படியே காதில் கேட்டது. அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் 'சேமி' என்ற பொத்தானை அழுத்திய பிறகுதான் வெட்கப்பட்டாள்.